ராபின் ஹூட்ஸ் பே: கள்ளத் தேயிலை இறங்கிய கரை

செவ்வாய்க்கிழமை

ராபின் ஹூட் இந்த ஊருக்கு வந்தான் என்பதற்குத் துண்டு ஆதாரம்கூடக் கிடையாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வில் எங்கே, அம்பு எங்கே என்று கடைசிவரை தேடிக்கொண்டிருப்பீர்கள். பெயர் மட்டும் பழையது. 14ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் பிரபு ஒருவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு எழுதிய புகார்க் கடிதத்திலேயே இந்த இடத்துக்கு இந்தப் பெயர்தான். கடிதம் மீன்பிடிப் படகுத் தகராறு பற்றியது. பொருத்தம்தான். இந்த ஊரின் கதையே படகும் மீனும், அப்புறம் படகில் மீனைத் தவிர வந்து இறங்கிய மற்ற சரக்குகளும்தான்.

யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில், விட்பி என்ற துறைமுக ஊருக்குத் தெற்கே ஆறு மைலில் இருக்கிறது. லீட்ஸில் படிக்கும் அக்கா மகனையும் இழுத்துக்கொண்டு ஸ்கார்பரோ வரை ரயிலில் வந்து, அங்கிருந்து எக்ஸ்93 பேருந்தைப் பிடித்தேன். பேருந்து ஊரின் தலைமாட்டோடு நின்றுவிடும். அங்கே விக்டோரியா காலத்துப் பெரிய வீடுகளும் கார் நிறுத்துமிடமும்தான் கண்ணில் படும். பழைய ஊரைக் காணோமே என்று நினைக்கும்போது நியூ ரோடு சடாரென்று கீழே சரிகிறது. இறங்க இறங்க ஒவ்வொரு கூரையாக ஊர் வெளியே வருகிறது. எல்லாம் சிவப்பு ஓடு. ஒரு வீட்டு வாசலில் நின்றால் கீழ்வீட்டுப் புகைபோக்கி நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வெளியூர் வண்டிகளுக்குக் கீழே அனுமதி இல்லை. "சித்தி, சக்கரத்தை நம்பாதீங்க, தூக்கிடுங்க" என்று அவனே என் பெட்டியையும் வாங்கிக்கொண்டான். அவனை அழைத்து வந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான், அவனிடம் சொல்லவில்லை.

நியூ ரோடு என்பது பெயருக்குத்தான் புதிது. முன்பு ஊருக்குள் வரும் வழி கிங் ஸ்ட்ரீட். 1780இல் அந்தத் தெரு வீடுகளோடு சேர்ந்து கடலுக்குள் சரிந்துபோனது. அதற்குப் பிறகு போட்ட பாதையில்தான் இப்போது எல்லோரும் மூச்சு வாங்குகிறோம். மிஞ்சிய துண்டுக்கு இன்றும் கிங் ஸ்ட்ரீட் என்றே பெயர். இந்தக் கரை, பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன களிமண். அடியில் அலை அரிக்கும், மேலே மழை ஊறும், ஒருநாள் பொத்தென்று விழும். 1975இல் நாற்பதடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் படம் எடுக்க வீடுகளே இருக்காது.

மாலையில் சந்துகளில் சுற்றினோம். போல்ட்ஸ் என்று ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மாடிப்படித் திருப்பத்தில், வாசற்கதவுக்கு மேலே பல வீடுகளில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதைச் சவப்பெட்டி ஜன்னல் என்கிறார்கள். படி அவ்வளவு குறுகல் என்பதால் பெட்டியை அந்த வழியாகத்தான் இறக்குவார்களாம். எங்கள் விடுதிப் படியில் ஏறிப் பார்த்தபின் நம்பாமல் இருக்க முடியவில்லை.

இனி தேயிலைக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை மீதான வரி அதன் விலையையே தாண்டியிருந்தது. 1784இல்தான் அதை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதுவரை சாதாரண ஜனங்கள் டீ குடிக்க வேண்டுமென்றால் கள்ளச் சரக்குதான் கதி. தேயிலை, ஜின், பிராந்தி, புகையிலை, பட்டு எல்லாம் ஹாலந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக இங்கே இறங்கின. மேலே பரந்த புதர்க்காடு, கீழே பாறைக் கரை, நல்ல சாலை கிடையாது. கடத்தலுக்கென்றே அமைந்த ஊர். கிங்ஸ் பெக் என்ற ஓடை ஊருக்கு அடியில் கல் கட்டிய சுரங்கத்தில் ஓடிக் கடற்கரையில் வந்து திறக்கிறது. அது போதாதென்று வீட்டுக்கு வீடு நிலவறை, அலமாரிக்குப் பின்னால் வழி. கரையில் இறங்கிய பட்டு மூட்டை வெளிச்சமே படாமல் வீட்டுக்கு வீடு கைமாறி மேட்டின் உச்சிக்குப் போய்விடும் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

மதுக்கடைச் சுவர்களில் இதையெல்லாம் ஏதோ விளையாட்டு மாதிரி எழுதி மாட்டியிருக்கிறார்கள். விளையாட்டு இல்லை. 1773இல் மெர்மெய்ட், ஈகிள் என்ற இரண்டு சுங்கக் கப்பல்களை மூன்று கடத்தல் கப்பல்கள் பீரங்கி பலத்தால் விரட்டியடித்து இந்த விரிகுடாவைவிட்டே துரத்தின. 1779இல் 200 பீப்பாய் மதுவுக்கும் 15 மூட்டைத் தேயிலைக்கும் படகுத் துறையிலேயே அடிதடி நடந்தது. சந்துக்குள் நுழைந்த சுங்கக்காரர்கள் தலையில் பெண்கள் மாடி ஜன்னலிலிருந்து கொதிக்கும் தண்ணீரைக் கொட்டினார்கள். கடற்படைக்கு ஆண்களை வலுவில் பிடித்துப்போக ஆட்கள் வந்தால் எச்சரிக்கையாகப் பறையடித்ததும் பெண்கள்தான். பிடிக்க வந்தவர்கள் அடி வாங்கிக்கொண்டு திரும்பியதும் உண்டு.

எனக்கு வியப்பு பீரங்கியில் இல்லை. மூட்டை மேலே போக வேண்டுமானால் நடுவில் ஒரு வீடுகூட விலகி நிற்க முடியாது. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் சரக்கு அங்கேயே நின்றுவிடும். ஊர் முழுக்க ஒரே கைவரிசையாக இருந்திருக்க வேண்டும். இப்போது அதே கதவுகளின் பக்கத்தில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்று திருகி வைத்திருக்கிறது. நாலு எண்ணைச் சுழற்றினால் திறக்கும், உள்ளே சாவி இருக்கும். வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் வீடுகள். கதவுக்குக் கதவு இந்தப் பெட்டிதான். எங்கள் விடுதி அம்மாள் சொன்னார்: "குளிர்காலத்தில் வந்து பாருங்கள். எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்." நாங்களும் அப்படி வாடகைக்கு வந்தவர்கள்தானே, அதனால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

புதன்கிழமை

இந்த ஊரில் நாள் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை, ஓத அட்டவணையைப் பார்த்து நடக்கிறது. கடைகளில் சின்னப் புத்தகமாகவே விற்கிறார்கள். வற்று நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பி, நீர் ஏறத் தொடங்கும்போது கரையேறிவிட வேண்டும். இல்லையென்றால் செங்குத்துக் கரைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. ஏற்றத்தில் அலை நேராகச் சுவரில் வந்து மோதுவதை நேற்று மாலையே பார்த்தோம்.

நீர் வற்றியதும் கடலடித் தரை வெளியே வந்தது. மணல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பாறை வரிகள், பெரிய பெரிய வில்லாக ஒன்றுக்குள் ஒன்று வளைந்து கடலுக்குள் போகின்றன. ஒரு காலத்தில் இங்கே பாறை அடுக்குகள் குமிழாக மேலெழும்பியிருந்தன. அதன் தலையைக் கடல் சீவிவிட்டது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் வளையம் தெரிகிற மாதிரி, அடுக்குகளின் விளிம்பு தரையில் தெரிகிறது. கெட்டியான அடுக்கு வரப்பாக நிற்கிறது, மெத்தென்ற அடுக்கு வாய்க்காலாகத் தேய்ந்து கிடக்கிறது. வாய்க்கால்களில் பச்சைப் பாசியும் நண்டும். கால் வைக்குமிடம் பார்த்து வைக்க வேண்டும்.

இந்தப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 19 கோடி ஆண்டு, ஜுராசிக் காலத்தின் தொடக்கம். உடைந்து கிடக்கும் களிப்பாறைச் சில்லுகளுக்கு நடுவில் அரை மணி நேரம் குனிந்து தேடியபின் அக்கா மகன் "சித்தி, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்தினான். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு அம்மோனைட், எப்போதோ அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓடு கல்லானது. சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளிலும் சீராக வரி. ஈரத்தோடு பார்த்தால் கருநீலம், கையில் காய்ந்ததும் சாம்பல் நிறம். விட்பிப் பக்கத்து ஜனங்கள் இதைப் பாம்புக்கல் என்றார்கள். ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்தை நிறுவிய புனித ஹில்டா அங்கிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டாராம். தலை எங்கே என்று கேட்டவர்களுக்காகக் கல்லில் தலை செதுக்கி விற்ற வியாபாரிகளும் இருந்தார்கள். நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் இதே அம்மோனைட் இனத்தின் படிவம்தான். அங்கே சக்கரம், இங்கே பாம்பு. கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம், சுத்தியலோடு செங்குத்துக் கரையைக் குடைவதுதான் தப்பு. தலையில் விழும்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் பாகிள் ஹோல். ஒரு ஓடை கடலில் சேருமிடம், அங்கே ஒரு குட்டிப்பூதம் குடியிருந்ததாகக் கதை. பழைய நீராலை ஒன்றை இளைஞர் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். டீ குடித்தோம், கிளம்பினோம். அங்கிருந்து மேலேறி ரேவன்ஸ்கார் வரை கரையோரப் பாதை. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பார்த்தவற்றில் மிக விசித்திரமான இடம் ரேவன்ஸ்கார்தான்.

முதலில் படிகாரம். ஆமாம், சவரத்துக்குப் பின் தடவுகிற, திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே படிகாரம். துணியில் சாயம் நிற்கவும் தோல் பதனிடவும் அது இல்லாமல் முடியாது என்றிருந்த காலத்தில், இந்தக் கரையின் களிப்பாறையிலிருந்து அதை எடுத்தார்கள். ரேவன்ஸ்கார் சரிவில் 1650 வாக்கில் தொடங்கிய ஆலை 1862 வரை ஓடியது. இடிபாடுகள் இப்போது, பழைய இடங்களைக் காக்கும் அறநிறுவனமான நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கின்றன. மலையை வெட்டிப் பாறையைக் குன்றாகக் குவித்து, அடியில் சுள்ளி வைத்து, மாதக்கணக்கில், சில சமயம் ஒன்பது மாதம் வரை, புகைய விடுவார்கள். பிறகு தொட்டியில் ஊறவைத்து, வடித்த நீரைக் காய்ச்சுவார்கள். அதோடு சேர்க்க ஒரு காரப் பொருள் வேண்டும். ஒன்று கடற்பாசிச் சாம்பல், இல்லாவிட்டால் மனிதச் சிறுநீர். இந்தப் பக்கத்து ஊர்களில் சேர்த்தது பற்றாமல் லண்டனிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வரும். வந்த கப்பல் படிகாரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்.

பதம் பார்க்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. திரவத்தில் ஒரு கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்தால் சரி, ஆறவிடலாம், படிகம் கட்டும். ஏன் மிதக்கிறது என்ற வேதியியல் தெரியாத காலத்திலேயே இதைக் கண்டுபிடித்துக் கொண்டவர்கள் அந்தத் தொழிலாளிகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவிலிருந்தும் கந்தக அமிலத்திலிருந்தும் மலிவாகப் படிகாரம் செய்ய வழி வந்தது. செயற்கைச் சாயங்களும் வந்தன. தொழில் படுத்துவிட்டது. மலையின் பக்கவாட்டில் வெட்டிய காயம் மட்டும் இன்னும் புல் முளைக்காமல் இருக்கிறது.

அப்புறம் பிளாட் வியாபாரம். 1890களில் ஒரு நிறுவனம் ரேவன்ஸ்கார் நிலத்தை வாங்கி, ஸ்கார்பரோவுக்குப் போட்டியாக ஒரு கடற்கரை நகரம் அமைக்கிறேன் என்று கிளம்பியது. தெருக்கள் போட்டார்கள், சாக்கடை போட்டார்கள், தண்ணீர்க் குழாய் பதித்தார்கள், ரயில் விட்டு ஆட்களைக் கூட்டிவந்து மனை விற்றார்கள். வாங்கியவர்கள் கடற்கரை எங்கே என்று எட்டிப் பார்த்தால் அறுநூறடிக்குக் கீழே, அதுவும் வெறும் பாறை. காற்று வேறு ஆளைத் தள்ளும். 1913இல் நிறுவனம் திவால். வீடு கட்டியவர்கள் கொஞ்சம் பேர். ஸ்டேஷன் ஸ்கொயர் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது, ஸ்டேஷன்தான் இல்லை. புல்வெளிக்கு நடுவில் நேர்கோட்டில் ஒரு தெரு போகிறது, இருபுறமும் ஆடு மேய்கிறது. அக்கா மகன் "இந்தக் கம்பெனிக்கு நம்ம ஊர் புரோக்கர் ஒருத்தர் கிடைச்சிருந்தா வித்திருப்பாரு சித்தி" என்றான்.

திரும்பும்போது சிண்டர் ட்ராக். 1885 முதல் 1965 வரை விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் இடையே ஓடிய ரயிலின் தடம், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் விட்டிருக்கிறார்கள். ரேவன்ஸ்காருக்கு ஏறும் சாய்வு 39 அடிக்கு 1 அடி. மழை நாளில் எஞ்சின் சக்கரம் வழுக்கி நிற்குமாம். நாங்கள் இறங்கும் திசையில் வந்ததால் கால் தானாக நடந்தது. இடது பக்கம் பண்ணைகள், வலது பக்கம் விரிகுடா முழுவதும். காலையில் நடந்த பாறை வில்கள் தண்ணீருக்கடியில் போய்விட்டிருந்தன.

ஊருக்குள் வந்ததும் நண்டு சாண்ட்விச். நண்டு இங்கேயே பிடித்தது, அருமை. மிளகுதான் போடத் தெரியவில்லை. படகுத் துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாட்டுப் படகுகளுக்கு இந்தக் கரையில் கோபிள் என்று பெயர். முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தட்டையாக, துறைமுகம் இல்லாத கரையில் அலையோடு வந்து மணலில் ஏறி நிற்பதற்கென்றே கட்டியது. ஒரு காலத்தில் துறை முழுக்க நின்றிருக்கும். இப்போது ஒன்றிரண்டு. பக்கத்தில் பழைய கடலோரக் காவல் நிலையம். 1912 முதல் 1982 வரை லீட்ஸ் பல்கலைக்கழகம் கடலுயிர் ஆய்வகம் நடத்திய இடம். இப்போது அது நேஷனல் டிரஸ்டின் காட்சியகம். அக்கா மகனுக்குத் தன் கல்லூரிப் பெயரை அங்கே பார்த்ததில் ஏக சந்தோஷம், ஏதோ அவனே நண்டு எண்ணியது மாதிரி.

துறையை ஒட்டி பே ஹோட்டல். அங்கே உட்கார்ந்திருந்தால் அரை மணிக்கு ஒருமுறை யாராவது முதுகுப்பையோடு நொண்டி நொண்டி இறங்கி வருவார்கள். மலைநடை வழிகாட்டிகள் எழுதிய ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973இல் வகுத்த நடைவழி, மேற்குக் கரையில் செயின்ட் பீஸில் தொடங்கி, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, சுமார் 190 மைலில் இந்தத் துறையில் முடிகிறது. கிளம்பும்போது ஐரிஷ் கடலில் பூட்ஸை நனைத்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும், இங்கே வடகடலில் நனைத்துக் கல்லைப் போட வேண்டும். நாங்கள் பார்த்தபோது வயதான தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரை போனார்கள். கணவர் பையில் கல்லைத் தேடு தேடென்று தேடினார். கடைசியில் மனைவி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். துறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

வியாழக்கிழமை

காலையில் மேட்டுக்கு மேலே பழைய புனித ஸ்டீபன் தேவாலயம். 1821-22இல் கட்டியது. ஊருக்குள் 1870இல் புதுக் கோவில் வந்தபின் இதை அப்படியே விட்டுவிட்டார்கள், அதனால்தான் தப்பித்தது. உள்ளே ஆளுயரப் பலகைத் தடுப்பு வைத்த இருக்கைகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அடைப்பு, கதவோடு. நடுவில் மூன்று தட்டுப் பிரசங்க மேடை. மேல் தட்டில் நின்றால் எந்த அடைப்புக்குள் யார் தூங்குகிறார்கள் என்று போதகருக்குத் தெரியும். வெளியே கல்லறைக் கற்களில் கப்பல் தலைவர்கள், கடலில் போனவர்கள். பல கற்களின் எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. அரை மணி நேரம் போதும், ஆனால் தவறவிடக் கூடாது.

அதன்பின் பேருந்துக்கு நேரம் இருந்ததால், ஊரின் மேல்முனையில் இருக்கும் நினைவுக் கல்லைப் படிக்க நின்றோம். 1881 ஜனவரி. கடும் பனிப்புயலில் 'விசிட்டர்' என்ற விட்பிக் கப்பல் இந்த விரிகுடாவில் மாட்டிக்கொண்டது. மாலுமிகள் கப்பலை விட்டுச் சின்னப் படகில் தத்தளிக்கிறார்கள். இந்த ஊர்ப் படகு எதையும் அந்த அலையில் இறக்க வழியில்லை. விட்பியில் மீட்புப் படகு இருக்கிறது, ஆனால் கடல்வழி கொண்டுவர முடியாது. சரி, தரைவழி கொண்டுவருவோம் என்று முடிவு செய்தார்கள்.

ஆறு மைல். ஐந்நூறடி உயரம் ஏறி இறங்கும் சாலை. ஏழடிக்குப் பனி குவிந்து கிடக்கிறது. 200 பேர் முன்னால் மண்வெட்டியோடு வழி வெட்ட, 18 குதிரைகள் வடம் பிடித்து இழுக்க, இந்தப் பக்கத்திலிருந்து ஊர்க்காரர்கள் பனியை வெட்டிக்கொண்டு எதிரே ஏறிப் போனார்கள். வழியில் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம்தான் கஷ்டமே: நாங்கள் பெட்டியோடு இறங்கத் திணறினோமே, அந்தச் சரிவில் கயிறு கட்டித் தாங்கித் தாங்கி அத்தனை கனமான படகை இறக்க வேண்டும். விட்பியில் கிளம்பிய இரண்டு மணி நேரத்தில் படகு கடலில் இருந்தது. முதல் முயற்சியில் துடுப்புகள் முறிந்தன. இரண்டாம் முறை போய், மாலுமிகள் அத்தனை பேரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார்கள்.

படகின் தலைவர் ஹென்றி ஃப்ரீமேன். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1861 பிப்ரவரியில் விட்பி மீட்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் மூழ்கினார்கள். பிழைத்த ஒருவர் இவர்தான். அப்போது புதிதாக வந்திருந்த தக்கை மிதவைச் சட்டையை அன்று போட்டிருந்தவர் இவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் மறுபடியும் மறுபடியும் படகேறிப் போனார் என்பதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1981இல் நூற்றாண்டுக்கு வைத்த கல் இது. ஃப்ரீமேன் பெயர் இருக்கிறது. பனி வெட்டியவர்களுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் தனித்தனிப் பெயர் இல்லை. விட்பி, ஹாஸ்கர், ராபின் ஹூட்ஸ் பே ஊர் மக்கள் என்று மூன்று ஊர்ப் பெயர்தான். அக்கா மகன் கல்லைப் படித்துவிட்டு, "கொதிக்கிற தண்ணி ஊத்துனவங்க பேரனுங்கதானே சித்தி இவங்க" என்றான். கணக்குப் பார்த்தால் கொள்ளுப்பேரன்களாக இருக்கலாம்.

பேருந்து ஹாஸ்கர் வழியாகவே போகிறது. மேடேறும்போது ஓட்டுநர் கியரை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் விட்பி வந்துவிட்டது.